ஸ்டாக்ஹோமில் மாணவ வாழ்க்கை: எதற்கும் முதலில் பெயரைப் பதியுங்கள்

ஸ்டாக்ஹோமில் படிக்கச் சேர்க்கைக் கடிதம் வந்த அன்றைக்கே செய்துவிட வேண்டிய வேலை ஒன்று உண்டு. விமானச் சீட்டெல்லாம் பிறகு. எஸ்எஸ்எஸ்பி என்று எல்லாரும் சுருக்கிச் சொல்லும் மாணவர் குடியிருப்பு அறக்கட்டளையின் இணையதளத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். அங்கே அறை கிடைப்பதை முடிவு செய்வது எத்தனை நாளாக வரிசையில் இருக்கிறீர்கள் என்ற கணக்கு. தினமும் ஒரு நாள் கூடிக்கொண்டே போகும். ஓர் அறையைப் பத்துப் பேர் கேட்டால் அதிக நாள் சேர்த்தவர் கைக்குப் போகும். ஏப்ரலில் பதிந்தவருக்கும் ஆகஸ்டு கடைசியில் பெட்டியோடு வந்து இறங்கியபின் பதிந்தவருக்கும் இடையே நூறு நாளுக்கு மேல் வித்தியாசம் விழுந்துவிடுகிறது. அந்த நூறு நாளை எந்தப் பணம் கொடுத்தும் வாங்க முடியாது. இன்னொன்று: வரிசையில் நாள் இருந்தால் மட்டும் போதாது, அறை கேட்கும்போது மாணவர் சங்க உறுப்பினராகவும் இருக்க வேண்டும். சங்கக் கட்டணம் சிறியது, மறந்தால் இழப்பு பெரியது.

இந்த ஊரின் அன்றாடம் முழுக்க இப்படித்தான் ஓடுகிறது. துணி துவைக்கும் இயந்திரம், தேர்வு, மருத்துவர் எல்லாவற்றுக்கும் முன்னாலேயே எங்கோ ஒரு பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். பெயர் இருந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பெயர் இல்லாவிட்டால், எவ்வளவு நியாயம் பேசினாலும், மிக மரியாதையாக 'முடியாது' என்பார்கள். நேரில் போய்ப் பேசிச் சரிசெய்துவிடலாம் என்று பழகிய நமக்கு இது பிடிபடச் சில மாதம் ஆகும்.

எஸ்எஸ்எஸ்பி அறை கிடைக்கும்வரை பலரும் ஆந்த்ராஹாண்ட் எனப்படும் உள்வாடகைக்குப் போகிறார்கள். இங்கே ஏமாற்று நிறைய. வீட்டைப் பார்க்காமல், நேரிலோ நேரடி வீடியோவிலோ, முன்பணம் அனுப்பாதீர்கள். உள்வாடகைக்கு விட வீட்டு உரிமையாளர் அல்லது குடியிருப்போர் சங்கம் தந்த அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். 'இங்கே தங்கலாம், ஆனால் இந்த முகவரியில் பெயர் பதியக்கூடாது' என்று யாராவது சொன்னால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். ஏன் என்பது அடுத்த விஷயத்தில் தெரியும்.

சுவீடனில் ஓராண்டோ அதற்கு மேலோ தங்கப் போகிறவர்கள் வரித்துறையான ஸ்காத்தெவெர்கெத்தில் குடிப்பதிவு செய்து பெர்சூன்நும்மர் என்ற அடையாள எண் வாங்க வேண்டும். பிறந்த தேதியும் கூடவே நான்கு இலக்கமும் சேர்ந்தது அது. கையில் இருக்க வேண்டியவை: கடவுச்சீட்டு, வசிப்பு அனுமதி அட்டை, சேர்க்கைக் கடிதம், முகவரியைக் காட்டும் வாடகை ஒப்பந்தம். இரண்டாண்டுப் படிப்பு என்றால் முழுக் காலமும் தெளிவாகத் தெரியும் கடிதமாகக் கொண்டுபோங்கள். அனுமதி அட்டையில் உள்ள தேதி ஓராண்டுக்குச் சற்றே குறைவாக இருந்தால், படிப்பு அதற்கு மேலும் நீள்கிறது என்பதைக் காட்ட அந்தக் கடிதம்தான் உதவும். ஒரு பருவம் மட்டும் படிக்க வருபவர்களுக்கு இந்த எண் கிடைக்காது. அவர்களுக்குத் தேவைப்பட்டால் ஒருங்கிணைப்பு எண் என்று வேறொன்று உண்டு. அதில் பிறந்த நாளோடு 60 கூட்டி எழுதியிருப்பார்கள். 14ஆம் தேதி பிறந்தவருக்கு 74 என்று வரும். அச்சுப் பிழை என்று நினைத்துத் திருத்தச் சொல்லிப் போய் நிற்க வேண்டாம்.

எண் கடிதத்தில் வரும். அந்தக் கடிதம் வந்து சேருமா என்பதே தனிக் கவலை. சுவீடனில் தபால்காரர் கதவில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் போடுவார். முகவரி சரியாக இருந்தும் கதவிலோ தபால் பெட்டியிலோ உங்கள் பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். ஆகவே குடியேறிய அன்றே ஒரு துண்டுத் தாளில் கடவுச்சீட்டில் உள்ளபடி பெயரை எழுதி ஒட்டுங்கள். நம் பெயர்களில் தலைப்பெழுத்து, அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று குழப்பம் அதிகம், அதனால் எல்லாப் படிவத்திலும் ஒரே வரிசையில் எழுதுவது முக்கியம். வேறொருவர் வீட்டில் தங்கினால் அவர் பெயரை முகவரியில் 'c/o' (இவர் வழியாக) என்று சேர்க்க வேண்டும். நான்கு இலக்க வீட்டு எண்ணும் கேட்பார்கள். முதல் இரண்டு இலக்கம் மாடியைச் சொல்லும். வாசல் இருக்கும் தளம் 10, அதற்கு மேல் 11. ஒரே கட்டடத்தில் நூறு மாணவர்கள் இருக்கும் இடங்களில் இந்த எண்ணைத் தவறாக எழுதினால் உங்களைப் பக்கத்து அறையில் குடிவைத்துவிடுவார்கள்.

பெர்சூன்நும்மர் வந்த பிறகு அடுத்தடுத்த படிகள். வரித்துறையிலேயே அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம் 400 குரோனர், முன்னதாகவே செலுத்திவிட்டுப் போக வேண்டும். அங்கேயே படம் எடுத்து, உயரம் அளந்து, கையொப்பம் வாங்குவார்கள். அட்டை கையில் வந்ததும் வங்கிக் கணக்கு. கணக்கு திறந்ததும் அந்த வங்கி வழியாக பேங்க்ஐடி என்ற செயலி. பேங்க்ஐடி வந்ததும் கைபேசியில் பணம் அனுப்ப உதவும் ஸ்விஷ். இந்த வரிசையை மாற்ற முடியாது, ஒவ்வொன்றும் முந்தையதன் தோளில் நிற்கிறது. பேங்க்ஐடி என்பது உங்கள் கையெழுத்துக்குச் சமம்: வாடகை ஒப்பந்தம், மருத்துவமனைப் பதிவு, வரிக் கணக்கு எல்லாம் அதில்தான். அதனால் தொலைபேசியில் அழைத்து 'செயலியைத் திறந்து எண்ணை அழுத்துங்கள்' என்று சொல்பவர் யாராக இருந்தாலும் இணைப்பைத் துண்டியுங்கள். வங்கி ஒருபோதும் அப்படிக் கேட்காது.

இந்தச் சங்கிலி முடிய இரண்டு மாதம் ஆனாலும் ஆகலாம். அதுவரை ஊரிலிருந்து கொண்டுவந்த விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையே கதி. ரொக்கத்தை நம்பி வராதீர்கள். பேருந்தில் காசு வாங்குவதில்லை, பல கடைகளில் வாசலிலேயே 'ரொக்கம் இல்லை' என்று எழுதியிருக்கும். உறவினர்கள் பழைய பயணத்தில் மிஞ்சிய குரோனர் நோட்டுகளைக் கொடுத்தனுப்பினால் பார்த்து வாங்குங்கள். 2015இலிருந்து 2017க்குள் புது நோட்டுகள் வந்துவிட்டன, அதற்கு முந்தியவை கடையில் செல்லாது.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வருவதிலேயே முதல் செலவு தொடங்குகிறது. அர்லாண்டாவிலிருந்து விரைவு ரயில் வேகமானது, விலையும் அப்படியே. நிலையத்துக்குள்ளேயே ஏறும் புறநகர் ரயிலுக்கும் தனி நுழைவுக் கட்டணம் உண்டு. 583ஆம் எண் பேருந்தில் மெர்ஸ்தா போய் அங்கிருந்து புறநகர் ரயிலில் ஏறினால் ஸ்டாக்ஹோம் பொதுப் போக்குவரத்து நிறுவனமான எஸ்எல்லின் சாதாரணப் பயணச் சீட்டே போதும். ஒற்றைச் சீட்டு 75 நிமிடம் செல்லும். மாணவர் சலுகைச் சீட்டு வாங்குபவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: சலுகைக்கு உரிமை தருவது எஸ்எல் சின்னம் உள்ள மாணவர் அட்டை. அது இல்லாமல் சலுகைச் சீட்டில் போய்ச் சோதனையில் மாட்டினால் சீட்டே இல்லாதவர் கணக்குதான். பல்கலைக்கழகத்தின் நுழைவு அட்டை இதற்குச் செல்லாது.

ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்துக்கு சுரங்க ரயிலின் சிவப்புத் தடத்தில் உனிவெர்சிதேதெத் நிலையம், கேடிஎச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு அதே தடத்தில் தெக்னிஸ்கா ஹோக்ஸ்கூலன். இரண்டும் பக்கம் பக்கம் என்பதால் அறை தேடுபவர்கள் சிவப்புத் தடத்தையே மொய்க்கிறார்கள். ஹூடிங்கே, ஃப்ளெமிங்ஸ்பேரி பக்கம் தள்ளிப் பார்த்தால் புறநகர் ரயிலில் தூரம் பெரிதாகத் தெரியாது.

வகுப்பு அட்டவணையில் 10 என்று இருந்தால் பல பாடங்களில் 10:15க்குத்தான் தொடங்கும். 'கல்விக் கால்மணி' என்று இதற்குப் பெயர். ஆனால் இந்தச் சலுகையைத் தேர்வுக்கும் மருத்துவமனைக்கும் கொண்டுபோகாதீர்கள். முழுநேரப் படிப்பு என்றால் பருவத்துக்கு 30 புள்ளி, ஒரு வாரத்துக்கு 1.5 புள்ளி என்று கணக்கு. அதாவது வாரம் 40 மணி நேர உழைப்பு. வகுப்பறையில் இருப்பது அதில் சிறு பங்கு என்பதால் முதல் மாதம் ஓய்வாகத் தோன்றும். அந்த ஓய்வு ஏமாற்று. ஐந்து வாரப் பாடத்தில் இரண்டு வாரம் படிக்காமல் விட்டால் கிட்டத்தட்டப் பாதி போய்விட்டது.

பட்டியல் விஷயம் இங்கேதான் மிகக் கடுமை. பருவத் தொடக்கத்தில் குறிப்பிட்ட நாட்களுக்குள் லாடோக் தளத்தில் பாடத்துக்குப் பதிய வேண்டும், தவறினால் இடம் அடுத்தவருக்குப் போகலாம். தேர்வுக்குத் தனியாக மறுபடி பதிய வேண்டும். அந்தப் பதிவு தேர்வுக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே மூடிவிடும் பாடங்கள் பல. பாடத்தில் இருக்கிறோம், தேர்வெழுதுவது இயல்புதானே என்று நினைத்து விடுபவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினால் அவர் வருத்தப்படுவார், அவ்வளவுதான். பாடம் தொடங்கிய நாளிலேயே தேர்வுப் பதிவு மூடும் தேதியைக் கைபேசியில் நினைவூட்டலாகப் போடுங்கள். தோற்றால் ஒம்தென்டா என்ற மறுதேர்வு உண்டு, அதுவும் அவமானமாகப் பார்க்கப்படுவதில்லை. அதற்கும் பதிவு வேண்டும்.

பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். 'சார்' என்றால் அவர்களுக்குச் சங்கடம். வாய் வராவிட்டால் வெறும் 'ஹேய்' போதும். ஆனால் இந்தத் தோழமையை வைத்து விதி தளரும் என்று எண்ண வேண்டாம். பிறர் எழுதியதை மேற்கோள் காட்டாமல் எடுத்தால் ஒழுங்குக் குழுவுக்குப் போகும், அங்கே ஆறு மாதம்வரை இடைநீக்கம் செய்யலாம். நண்பரின் விடைத்தாளைப் பார்த்து எழுதுவதும் இதில் அடக்கம். இருவருக்கும் சேர்த்தே வரும்.

இனித் துணி துவைப்பது. இதற்கு இவ்வளவு எழுத வேண்டுமா என்று கேட்பவர்கள் இன்னும் இங்கே குடியேறாதவர்கள். அறையில் சலவை இயந்திரம் அபூர்வம். கட்டடத்துக்குப் பொதுவாக த்வெத்ஸ்டூகா என்ற சலவை அறை இருக்கும். பலகையில் உங்கள் பூட்டைச் செருகியோ தொடுதிரையிலோ நேரம் பிடிக்க வேண்டும், பெரும்பாலும் மூன்று நான்கு மணி நேரத் துண்டுகளாக. ஞாயிறு மாலை முதலில் நிரம்பும். செவ்வாய் காலை காலியாக இருக்கும். பிடித்த நேரம் தொடங்கி அரை மணிக்குள் போகாவிட்டால் அது மற்றவருக்கு என்பது பல கட்டடங்களில் விதி. முடியும் நேரத்தில் இயந்திரம் காலியாக இருக்க வேண்டும், ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. 60 டிகிரிச் சுற்று நீளமானது, கடைசிச் சுற்றை நேரம் முடிய ஒன்றரை மணி இருக்கும்போதே போட்டுவிடுங்கள்.

சோப்புத்தூள் அளவில் எல்லாரும் தவறு செய்கிறார்கள். ஸ்டாக்ஹோம் குழாய்த் தண்ணீர் மெலாரென் ஏரியிலிருந்து வருவது, மென்னீர். நம்மூர் ஆழ்குழாய்த் தண்ணீருக்குப் போடும் அளவைப் போட்டால் நுரை முழுதாக அலசப்படாமல் துணி விறைப்பாகும், தோல் அரிக்கும். பொட்டலத்தின் பின்புறம் மென்னீருக்குத் தனி அளவு இருக்கிறது, அது போதும். புதுச் சாயத் துணியை முதல் முறை தனியாகப் போடுங்கள், பொது இயந்திரத்தில் சிவப்புச் சாயம் விட்டால் அடுத்தவர் வெள்ளைத் துணியில் தெரியும். உலர்த்த இரண்டு வழி: சுழலும் உலர்த்தி, துணியைத் தொங்கவிட்டுச் சூடான காற்று ஊதும் அலமாரி. கம்பளி உள்ளாடைகளை உலர்த்தியில் போட்டால் குழந்தைக்குத்தான் பொருந்தும். அலமாரியில் போடுங்கள். கிளம்பும்போது உலர்த்தியின் பஞ்சு வடிகட்டியை வழித்தெடுக்க வேண்டும். அது அடைத்தால் துணி காயாது, தீப்பிடிக்கவும் காரணமாகும். வழிக்காமல் போனவருக்குக் கதவில் கோபமான சீட்டு ஒட்டியிருக்கும். சுவீடன்காரர்கள் நேரில் சண்டை போடுவதில்லை, சீட்டு எழுதுவார்கள். அதைப் பார்த்ததும் சரிசெய்துவிடுவதே நல்லது.

தாழ்வார அறை என்பது லப்பிஸ், குங்ஸ்ஹாம்ரா போன்ற குடியிருப்புகளில் அதிகம். உங்களுக்கென ஓர் அறை, சமையலறை மட்டும் பத்துப் பேர் அளவில் பொது. நம் சமையலுக்கு அங்கே மூன்று சிக்கல்கள் வரும்.

ஒன்று, அடுப்பு. எரிவாயு கிடையாது. இண்டக்‌ஷன் என்றால் அலுமினிய குக்கரும் தோசைக்கல்லும் சூடாகாது. ஊரில் வாங்கும்போதே அடியில் காந்தம் ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் எடுத்து வாருங்கள். சூட்டுத்தட்டு அடுப்பு என்றால் எல்லாப் பாத்திரமும் ஆகும், ஆனால் அணைத்த பிறகும் சூடு நிற்கும். சோற்றை ஐந்து நிமிடம் முன்பே அணைத்துவிடலாம், பால் பொங்கினால் அணைத்துப் பயனில்லை, பாத்திரத்தைத் தூக்க வேண்டும்.

இரண்டு, தாளிப்பு. எண்ணெய் புகையும்வரை காத்திருந்து கடுகு போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நடுச் சூட்டில், மூடி போட்டு, புகைபோக்கி விசிறியை முதலிலேயே ஓடவிட்டுத் தாளியுங்கள். மிளகாய் வற்றலைக் கடைசியில், அடுப்பை அணைத்தபின். புகை எச்சரிக்கை மணி அடித்தால் ஜன்னலைத் திறங்கள். தாழ்வாரக் கதவைத் திறந்தால் அங்கே உள்ள மணியும் சேர்ந்து அடிக்கும்.

மூன்று, மாவு புளிப்பது. வீட்டுக்குள் 20, 21 டிகிரி இருக்கும், இட்லி மாவுக்கு 30 பக்கம் வேண்டும். நான்குக்கு ஒன்று அரிசியும் உளுந்தும், ஒரு தேக்கரண்டி வெந்தயம், வெதுவெதுப்பான நீரில் ஊறல். அரைத்ததைக் கையால் கலந்து, பாத்திரத்தில் பாதிக்கு மேல் போகாமல் ஊற்றி, ஓவனைச் சூடாக்காமல் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வையுங்கள். 12 முதல் 14 மணி நேரம். ஓவன் கதவில் 'உள்ளே மாவு இருக்கிறது, போடாதீர்கள்' என்று பெரிதாக எழுதி ஒட்டுவது இந்தச் சமையல் குறிப்பின் ஒரு பகுதி. மறந்தால் யாராவது பீட்சாவுக்காக 225 டிகிரியில் முன்சூடு போட்டுவிடுவார்கள். மிக்ஸியைக் கொண்டுவரலாம், இரு நாட்டிலும் 230 வோல்ட்தான். தரையிணைப்பு உள்ள மாற்றுச் செருகியாக வாங்குங்கள். இரவு 10 மணிக்கு மேல் அரைக்க வேண்டாம்.

கடையில் வில்லிஸும் லீடலும் மலிவு. ஈக்கா, கூப் சற்று ஏறும். விலைச்சீட்டில் சிறிய எழுத்தில் கிலோவுக்கு எவ்வளவு என்று இருக்கும், அதை மட்டும் ஒப்பிடுங்கள். பால் அட்டைகளுக்கு நடுவில் ஃபீல்மியோல்க் என்றும் ஒன்று இருக்கும். தெரியாமல் காப்பியில் ஊற்றினால் திரிந்துபோகும், ஏனென்றால் அது புளித்த பால். தெரிந்து வாங்கினால் பொக்கிஷம்: இரண்டு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர், உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை, மோர் தயார். மோர்க்குழம்புக்கும் ஆகும். கெட்டித் தயிருக்கு 10 சதவீதக் கொழுப்புள்ள துருக்கித் தயிர். உளுந்து, இட்லி அரிசி, உறைந்த தேங்காய்த் துருவலுக்குத் தெற்காசியக் கடைகளுக்குப் போக வேண்டும். மாதம் ஒரு முறை இரண்டு மூன்று பேர் சேர்ந்து போனால் சுமையும் குறையும். மதியத்துக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுபோவதுதான் இங்கே எல்லாருடைய வழக்கமும். வளாகத்தில் மைக்ரோவேவ்கள் வரிசையாக இருக்கும், 12 மணிக்கு அவற்றுக்கும் வரிசை. 11:30க்குப் போய்விடுங்கள்.

உடம்புக்கு வந்தால் முதலில் 1177க்கு அழைப்பது. செவிலியர் கேட்டு வழி சொல்வார். உயிர் ஆபத்துக்கு 112. காய்ச்சலுக்கு நுண்ணுயிர்க்கொல்லி எழுதித் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். முன்பதிவு செய்த மருத்துவரிடம் சொல்லாமல் போகாமல் இருந்தாலும் கட்டணம் வரும்.

டிசம்பர் மூன்றாம் வாரத்தில் சூரியன் காலை 8:45 வாக்கில் வந்து பிற்பகல் 2:50க்குள் போய்விடும். அதைவிட நவம்பர் கடினம் என்பது என் எண்ணம்: பனி விழுந்தால் அதன் வெளிச்சமாவது இருக்கும், நவம்பரில் ஈரமும் இருட்டும் மட்டுமே. மதிய இடைவேளையில் அரை மணி வெளியே நடப்பதை வகுப்புப் போலவே அட்டவணையில் எழுதி வையுங்கள். இருட்டில் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரிய மேலங்கியில் ஒளி பிரதிபலிப்பான் தொங்கவிட வேண்டும். உடை மூன்று அடுக்கு: உடம்பை ஒட்டிக் கம்பளி, நடுவில் வெப்பம் பிடிக்கும் துணி, வெளியே காற்றுப் புகாத மேலங்கி. உள்ளே பருத்தி போட்டால் வியர்வை தங்கிக் குளிரும். காலணியைத் தடித்த காலுறைக்கு இடம்விட்டு ஓர் அளவு பெரிதாக. ஊரிலேயே மேலங்கி வாங்கிப் பெட்டியை நிரப்ப வேண்டாம், இங்குள்ள பழைய துணிக் கடைகளில் நல்லதே கிடைக்கும்.

பனியைவிட ஆபத்து, உருகி மறுபடி உறைந்த தரை. ஜனவரியிலிருந்து மார்ச்வரை ப்ரொத்தார் என்ற ஆணிப்பட்டையைப் பையில் வையுங்கள், காலணி மேல் மாட்டிக்கொள்ளலாம். ரயில் நிலையத்துக்குள் நுழைந்ததும் கழற்றிவிட வேண்டும், வழவழப்பான கல் தரையில் அதுவே சறுக்கும். நடைபாதையில் குறுக்கே கட்டை வைத்திருந்தால் மேலே கூரையிலிருந்து பனிப்பாளம் தள்ளுகிறார்கள் என்று பொருள். எதிர்ப் பக்கம் போங்கள்.

கோடையில் 3:30க்கே விடிந்துவிடும், ஜன்னலுக்குக் கருந்திரை வேண்டும். அந்த வெளிச்சத்தில்தான் பலரும் அறையைக் காலி செய்கிறார்கள். காலி செய்யும் அறிவிப்பு காலண்டர் மாதக் கணக்கில் ஓடும்: ஒரு மாத அறிவிப்பு என்றால் மே 2ஆம் தேதி எழுதியது ஜூன் முடியும்போதுதான் செல்லும், ஏப்ரல் 30இல் எழுதியிருந்தால் மே மாதத்தோடு வாடகை நின்றிருக்கும். கடைசி நாளில் சோதனைக்கு வருவார்கள். ஓவனின் உள்புறம், அதன் பின்புறச் சுவர், குளிர்பதனப் பெட்டியின் ரப்பர் விளிம்பு, குளியலறைத் தரை வடிகால், புகைபோக்கி வடிகட்டி ஆகியவற்றைப் பார்ப்பார்கள். மஞ்சள் கறை படிந்த வடிகட்டியை முந்தின இரவே சோப்பு நீரில் ஊறப்போட்டு விடுங்கள்.